வெட்டிய காட்சிகள் மீண்டு வருவதேன்?

2025-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நம் நாட்டுத் திரையரங்குகளில் ஒரு பழைய படம் மீண்டும் வெளியாயிற்று. அதன் பெயர் "ஷோலே". 1975-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று முதன்முதலாக வெளிவந்த இந்திப் படம் அது. பம்பாய் மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பெருமை அதற்கு உண்டு. அதன் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். இவ்வளவு பழகிய படத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கச் சென்றவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. படத்தின் முடிவு வேறாக இருந்தது!

கதை அதுவே. நடிகர்களும் அவர்களே. பாடல்களும் அவையே. ஆனால் வில்லனைப் போலீசார் கைது செய்து கொண்டு போகும் முடிவு மட்டும் காணாமற் போயிருந்தது. அந்த இடத்தில் 1975-இல் மக்கள் காணாத வேறொரு முடிவு வந்திருந்தது. இது புதிதாக எடுத்து ஒட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். இயக்குநர் ரமேஷ் சிப்பி முதன்முதலில் எடுத்த முடிவே இதுதான். அரை நூற்றாண்டு கழித்து இப்போதுதான் நம் திரையரங்குகளில் வெளிச்சம் கண்டது. அதனோடு, அன்று நீக்கப்பட்ட இரண்டு காட்சிகளும் சேர்ந்து வந்தன.

மக்கள் ஏற்றுக் கொண்டு கொண்டாடிய படத்தை ஏன் மறுபடி தொடவேண்டும்? வெட்டியெறிந்த காட்சி எப்படிக் கிடைக்கிறது? வெட்டியதை எல்லாம் மீண்டும் சேர்த்தால் படம் சிறந்துவிடுமா? மாணவியரே, இக்கேள்விகளுக்கு விடை காண்போமா?

மூன்று கத்திரிகள்

தையல் வகுப்பில் நாம் முதலில் கற்பது யாது? துணியை அளந்து வெட்டுவது. வெட்டாமல் எந்த உடையும் உருவாகாது. திரைப்படமும் அப்படித்தான். ஒரே காட்சியைப் பல கோணங்களில், பல தடவை எடுப்பார்கள். மூன்று மணி நேரப் படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு நீளமுள்ள படச்சுருள் செலவாகும். அவற்றுள் வேண்டியதைத் தேர்ந்து, வேண்டாததை நீக்கி, முன்பின்னாக ஒட்டிக் கதையாக்குவது படத்தொகுப்பு. ஆகவே "வெட்டு" என்று கேட்டவுடனே அதைக் குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. எந்தக் கத்திரி வெட்டியது என்று கேட்க வேண்டும். படத்தின்மேல் மூன்று விதமான கத்திரிகள் படுகின்றன.

முதலாவது, படைத்தவரின் கத்திரி. காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று தோன்றினால் இயக்குநர் அதை எடுத்துவிடுவார். கட்டுரை எழுதும் மாணவி நல்ல வாக்கியம் ஒன்றை, பொருளுக்கு ஒட்டவில்லையே என்று அடித்துவிடுவது போன்றது இது.

இரண்டாவது, வியாபாரத்தின் கத்திரி. படம் நீளமாக இருந்தால் ஒரு நாளைக்கு நடத்தக்கூடிய காட்சிகளின் எண்ணிக்கை குறையும், வசூலும் குறையும். ஆகையால் தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ "இருபது நிமிடம் குறையுங்கள்" என்பார். படப்பெட்டி ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு, கொட்டகைக்காரர்களே ஒரு பாட்டையோ சண்டையையோ எடுத்துவிட்டு ஓட்டியதும் அந்தக் காலத்தில் உண்டு.

மூன்றாவது, தணிக்கையின் கத்திரி. நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி, சான்றிதழ் பெறாமல் எந்தப் படத்தையும் பொதுமக்களுக்குக் காட்டக் கூடாது. பிஞ்சு மனங்களைக் கெடுக்கும் காட்சிகளும் பகைமையை மூட்டும் பேச்சுகளும் பொது மக்களிடம் போகக் கூடாது என்ற நல்ல நோக்கம் இதற்குண்டு. ஆனால் எது கெடுக்கும், எது கெடுக்காது என்ற கணிப்பு காலத்துக்குக் காலம் மாறும். ஆளும் சூழ்நிலையைப் பொறுத்தும் மாறும்.

முதல் கத்திரி வெட்டியதைத் திரும்பச் சேர்ப்பதற்கும், மற்ற இரண்டு கத்திரிகள் வெட்டியதைத் திரும்பச் சேர்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

தாக்கூரின் கண்ணீர்

"ஷோலே"யின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாக்கூர் பல்தேவ் சிங் ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி. கப்பர் சிங் என்னும் கொள்ளைக்காரன் அவருடைய குடும்பத்தாரைக் கொன்று, அவருடைய இரண்டு கைகளையும் வெட்டிவிடுகிறான். அவனைப் பிடித்துத் தருமாறு ஜய், வீரு என்னும் இரு இளைஞர்களைத் தாக்கூர் அமர்த்துகிறார். சஞ்சீவ் குமார், அம்ஜத் கான், அமிதாப் பச்சன், தர்மேந்திரா ஆகியோர் நடித்தனர். கதையை எழுதியவர்கள் சலீம்-ஜாவேத். கதையில் வரும் ராம்கட் கிராமம் வடக்கே எங்கோ இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது நமக்கு அண்மையில், பெங்களூருக்குப் பக்கத்திலுள்ள ராமநகரப் பாறைக் குன்றுகளின் நடுவே அமைத்த செட்.

இயக்குநர் முதலில் எடுத்த முடிவில், கைகளற்ற தாக்கூர் ஆணி அடித்த காலணிகளால் கப்பரைத் தாக்கி, தாமே கொன்றுவிடுகிறார். தணிக்கைக் குழு இதை ஏற்கவில்லை. சட்டத்தைக் காத்த ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரியே சட்டத்தைத் தம் கையில் எடுத்துக் கொள்வதாகக் காட்டலாமா என்பது அவர்களுடைய ஆட்சேபம். கொடூரம் மிகுதி என்பது மற்றொன்று. அது எத்தகைய காலம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1975 ஜூன் 25-ஆம் நாள் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. படம் வெளியாக வேண்டிய நாளோ ஆகஸ்டு 15. வாதாடிக் கொண்டிருக்க நேரமும் இல்லை, சூழ்நிலையும் இல்லை. இயக்குநர் நடிகர்களை மறுபடி திரட்டி வேறொரு முடிவை எடுத்தார். தாக்கூர் கப்பரைக் கொல்லப் போகும் வேளையில் போலீசார் வந்து தடுக்கிறார்கள். குற்றவாளியைத் தண்டிக்கும் உரிமை சட்டத்துக்கே உண்டு என்று நினைவூட்டுகிறார்கள். திரையரங்குகளில் மக்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கண்டது இந்த முடிவைத்தான்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. தணிக்கைக் குழு சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பழிக்குப் பழி என்பதை எந்த நல்ல பள்ளியும் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்காது. ஆனால் இயக்குநர் எடுத்த முதல் முடிவு கொலையோடு நிற்கவில்லை. பழி தீர்ந்த பிறகு தாக்கூர் வெற்றிக் களிப்பில் துள்ளவில்லை. மனம் உடைந்து அழுகிறார். எதிரி ஒழிந்தான், இழந்தவை திரும்பவில்லை. பழிவாங்கியவனுக்கு மிஞ்சுவது வெறுமையே என்று அந்தக் கண்ணீர் சொல்கிறது. கொலையை நீக்கியபோது அந்தக் கண்ணீரும் சேர்ந்து போயிற்று. அறத்தைக் காப்பதற்காக வெட்டிய கத்திரி, கதைக்குள் இருந்த அறத்தின் ஒரு பகுதியையும் வெட்டிவிட்டது எனலாம். இயக்குநர்கள் நீக்கிய காட்சிகளைத் திரும்பக் கேட்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. காட்சி ஒன்று போனால் சில நிமிடங்கள் மட்டும் போவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் வரும் காட்சிகளின் பொருளும் மாறிவிடுகிறது.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். 1975-இல் நீக்கப்பட்டவற்றுள், கிராமத்துப் பெரியவர் இமாம் சாகிப்பின் மகன் அகமதைக் கப்பர் கொல்லும் காட்சியும் ஒன்று. மக்கள் கண்ட படத்தில், கப்பர் தன் கையில் ஊர்ந்த எறும்பை நசுக்குவதும், பிறகு அந்தப் பையனின் உடலைச் சுமந்து ஒரு குதிரை ஊருக்கு வருவதுமே உள்ளன. இடையில் நடந்ததை நாமே ஊகித்துக் கொள்கிறோம். ஊகத்தில் எழும் அச்சம் கண்ணால் காண்பதைவிடப் பெரிது என்று எத்தனையோ ரசிகர்கள் சொல்வார்கள். ஆக, வெட்டு சில சமயம் கலைக்கு நன்மையும் செய்துவிடுகிறது! ஒரே படத்தில் இரண்டு விதமான வெட்டுகளுக்கும் சான்று கிடைக்கிறது.

துண்டு எங்கே கிடைத்தது?

வெட்டியதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று இயக்குநர் ஆசைப்பட்டால் போதாது. வெட்டிய துண்டு எங்காவது இருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் படங்கள் படச்சுருளில் பதிவானவை என்பது தெரிந்ததே. காமிராவில் ஓடிய மூலச் சுருளுக்கு நெகடிவ் என்று பெயர். அதிலிருந்து பாதுகாப்புக்கென ஒரு பாசிடிவ் படி எடுப்பார்கள். அதிலிருந்து மற்றொரு நெகடிவ், பிறகு திரையரங்குகளுக்குப் போகும் பிரிண்டுகள் என்று படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் படத்தின் தெளிவு சற்றுக் குறையும். பாட்டியின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து அம்மா எழுத, அதைப் பார்த்து நாம் எழுதினால் பிழை சேருவதில்லையா? அதைப் போன்றதே இது. ஆகவே புதுப்பிக்கும் வேலையில் இறங்குவோர் மூல நெகடிவையோ, அதற்கு மிக நெருங்கிய படியையோ தேடி அலைகிறார்கள்.

"ஷோலே"யின் மூல நெகடிவ் கிடைத்தது. ஆனால் மிகவும் பழுதடைந்திருந்தது. 70 எம்.எம். பிரிண்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிப்பி குடும்பத்தாரோடு சேர்ந்து, சிவேந்திர சிங் துங்கர்பூர் தலைமையிலான திரைப்பட மரபு அறக்கட்டளை இப்பணியை ஏற்றது. மும்பைக் கிடங்கில் இருந்த பெட்டிகளைத் திறந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் சேமித்து வைத்திருந்த சுருள்களையும் தேடிப் பிடித்தார்கள். பழைய காந்த ஒலிநாடாக்களைச் சேகரித்தார்கள். எல்லாவற்றையும் இத்தாலி நாட்டுப் பொலோனியா நகரில், பழைய படங்களைச் செப்பனிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூடத்தில் சேர்த்து வேலை செய்தார்கள். மூன்று ஆண்டு உழைப்பு! 2025 ஜூன் 27-ஆம் நாள் அதே பொலோனியா நகரின் பெரிய சதுக்கத்தில், திறந்த வெளியில், உலகிலேயே முதன்முறையாக அந்த முழுப் படம் திரையிடப்பட்டது.

வேலையின் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். படச்சுருள் ஒரு நொடிக்கு 24 கட்டங்கள் வீதம் ஓடுகிறது. மூன்று மணி நேரத்தில் 10,800 நொடிகள். ஆகவே மொத்தம் 2,59,200 கட்டங்கள்! ஒவ்வொன்றையும் கணிப்பொறிக்குள் படமாக ஏற்றி, கீறலையும் தூசியையும் அகற்றி, நிறத்தைச் சரி செய்ய வேண்டும். பின்னால் கிடைத்த துண்டு வேறு சுருளிலிருந்து வந்திருக்கும். அதன் நிறமும் ஒளியும் வேறாக இருக்கும். ஒட்டுப் போட்ட இடம் தெரியாதபடி இழைத்துத் தைப்பது போல அதைப் பொருத்த வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு வேலையும் உண்டு. சான்றிதழ் பெற்ற படத்தில் ஒரு காட்சியைச் சேர்த்தாலும் நீக்கினாலும் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். அன்று வாசலை அடைத்த அதே வாரியத்தின் கதவைத்தான் மறுபடியும் தட்ட வேண்டும். 2014-இல் "ஷோலே" முப்பரிமாணப் படமாக வந்தபோதும் பழைய போலீஸ் முடிவுதான் இருந்தது. பதினோரு ஆண்டு கழித்தே முதல் முடிவு திரையரங்குக்கு வந்தது. தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமார் 1985-லும், கப்பராக நடித்த அம்ஜத் கான் 1992-லும் மறைந்துவிட்டார்கள். தர்மேந்திராவும் 2025 நவம்பர் 24-ஆம் நாள், இப்படம் மறுபடி வெளிவருவதற்குச் சில நாள்களே இருக்கும்போது காலமானார்.

நம் ஊர்ச் சிலையும் ஒரு படமும்

ஓர் இயக்குநர் உயிரோடு இருக்கும்போதே தம் படம் முழுமை பெறுவதைக் காண்பது பெரும் பேறு. அந்தப் பேறு கிட்டாத ஒருவரைப் பற்றி அறிய, நம் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் போவோம். கப்ஸ் கோயில் என்று நம் ஊரார் அழைக்கும் சம்மனசுகளின் இராக்கினி மாதா ஆலயத்துக்கு எதிரே ஒரு பெண்ணின் சிலை நிற்பதை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். பிரெஞ்சு நாட்டைக் காத்த வீரமங்கை புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை அது. 1431-இல் தீயிலிட்டுக் கொல்லப்பட்ட அவரைத் திருச்சபை 1920-இல் புனிதராக உயர்த்தியது.

எட்டு ஆண்டு கழித்து, 1928-இல், டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் தியடோர் டிரேயர் அவருடைய விசாரணையையும் மரணத்தையும் பிரான்சில் மௌனப் படமாக எடுத்தார். ஜோனாக நடித்தவர் ஃபால்கொனெத்தி அம்மையார். அவருடைய முகத்தையே திரை முழுதும் நிரப்பி, வேதனையையும் விசுவாசத்தையும் வசனமின்றிப் பேச வைத்த படம் அது. பாரிசில் திரையிடுமுன், பேராயரின் ஆட்சேபத்தாலும் அரசுத் தணிக்கையாலும் பல பகுதிகள் வெட்டப்பட்டன. ஒரு புனிதையைத் தண்டித்தவர்கள் குருக்களும் ஆயர்களுமே என்பதைத் திரையில் காட்டும்போது இத்தகைய கவலை எழுந்ததில் வியப்பில்லை. டிரேயரின் சம்மதம் கேட்கப்படவில்லை.

துன்பம் அதோடு முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நேர்ந்த தீ விபத்தில் மூல நெகடிவ் எரிந்து போயிற்று. டிரேயர் சோர்ந்துவிடாமல், பயன்படுத்தாது ஒதுக்கி வைத்திருந்த துண்டுகளை எடுத்து, ஏறக்குறைய அதே படத்தை மீண்டும் தொகுத்தார். அந்த நெகடிவும் அடுத்த ஆண்டு தீக்கு இரையாயிற்று! தீயில் மாண்ட பெண்ணின் படத்தை இரண்டு முறை தீ தின்றது. பின்னாளில் பிறர் தம் விருப்பப்படி மாற்றியமைத்த வடிவங்களே உலகெங்கும் ஓடின. தம் படம் அழிந்தே போயிற்று என்ற எண்ணத்தோடு டிரேயர் 1968-இல் கண்மூடினார்.

1981-இல் நார்வே நாட்டில், ஆஸ்லோ நகரையடுத்த ஒரு மனநல மருத்துவமனையின் சிற்றறை ஒன்றைச் சுத்தம் செய்தபோது சில படப்பெட்டிகள் அகப்பட்டன. அவற்றுள் இருந்தது, தணிக்கைக் கத்திரி படுமுன் டென்மார்க்குக்கு அனுப்பிய முழுப் பிரதி! இன்று உலகம் காணும் படம் அதிலிருந்து வந்ததே. 1995-இல், திரைப்படக் கலையின் நூறாவது ஆண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில், சமயப் படங்களின் வரிசையில் இந்தப் படமும் இடம் பெற்றது. அன்று ஒரு பேராயருக்குத் தடையாகத் தோன்றியது பிற்காலத் திருச்சபைக்குத் தியானமாகத் தோன்றியிருக்கிறது. வெட்டியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வெட்டியதை எறியாமல் வைத்திருந்தால், பின்வரும் தலைமுறை அமைதியாக மறுபடி எண்ணிப் பார்க்க வழியுண்டு. நார்வேயில் அந்த ஒரு பிரதி தப்பியிராவிட்டால் எண்ணிப் பார்க்கவும் ஒன்றும் இருந்திராது.

வெட்டியதெல்லாம் வேண்டுமா?

"அப்படியானால் வெட்டிய எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமே!" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் முதலில் சொன்ன மூன்று கத்திரிகளை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆங்கில இயக்குநர் டேவிட் லீனின் "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" 1962 டிசம்பரில் வெளியானபோது 222 நிமிட நீளம். மிக நீளம் என்று கருதிச் சில வாரங்களிலேயே சுமார் இருபது நிமிடத்தை நீக்கினார்கள். பிறகு மறுவெளியீட்டின்போது இன்னும் குறைத்தார்கள். 1989-இல் ராபர்ட் ஹாரிஸ் என்பவர் துண்டுகளைத் தேடிச் சேர்த்தார். பல துண்டுகளில் படம் இருந்தது, ஒலி இல்லை. ஆகவே பீட்டர் ஓடூல் முதலிய நடிகர்களை அழைத்து, இருபத்தேழு ஆண்டுக்கு முன் தாங்கள் பேசிய வசனத்தைத் தாங்களே மறுபடி பேசச் செய்தார்கள். முதுமை தட்டிய குரலை இளமையாகத் தொனிக்கும்படி மாற்றியமைத்தார்கள். எண்பது வயதைத் தொட்டிருந்த லீன் அருகிலிருந்து மேற்பார்வையிட்டார். எல்லாவற்றையும் சேர்த்த பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? தாமே சில இடங்களைக் குறைத்து 216 நிமிடமாக்கினார்! வியாபாரம் வெட்டியதைத் திரும்பப் பெற்றதும் தம் சொந்தக் கத்திரியை அவர் கையில் எடுத்துக் கொண்டார். நீளத்தை விட, வெட்டும் உரிமையையே அவர் திரும்ப விரும்பினார் என்பது இதனால் தெளிவாகும்.

இத்தாலிய இயக்குநர் ஜுசெப்பே தொர்னதோரேயின் "சினிமா பாரடைசோ" மாறான பாடம் கற்பிக்கும். இந்தக் கதையே வெட்டிய காட்சிகளைப் பற்றியதுதான். சிற்றூர்ப் பங்குத் தந்தை ஒருவர் ஊராருக்கு முன் தாம் தனியே படம் பார்ப்பார். முத்தக் காட்சி வந்ததும் கையிலுள்ள மணியை ஆட்டுவார். ஆபரேட்டர் அந்த இடத்தில் காகிதத் துண்டைச் செருகி வைத்து, பிறகு வெட்டிவிடுவார். இப்படிச் சிரிக்க வைத்து நெகிழ வைக்கும் அப்படம் 1988-இல் 155 நிமிட நீளத்தில் வந்து தோல்வி கண்டது. 124 நிமிடமாகக் குறைத்த பிறகு கான் விழாப் பரிசும் ஆஸ்கார் பரிசும் பெற்றது. 2002-இல் இயக்குநர் நீக்கியவற்றைச் சேர்த்து 173 நிமிடப் படமாக வெளியிட்டார். அதைப் பார்த்தவர்களில் பலர், குறைந்த நீளமுள்ள படமே நெஞ்சில் நிற்கிறது என்றனர். சொல்லாமல் விட்டிருந்த ஒரு பழைய காதலின் கதை நீண்ட படத்தில் விளக்கமாகச் சொல்லப்படுகிறது. சொல்லாததில் இருந்த ஏக்கம் குறைந்துவிடுகிறது.

நம் தமிழில் 2001-இல் வந்த "ஆளவந்தான்" 2023 டிசம்பரில் மீண்டும் வெளியானபோது எதிர்த்திசையில் சென்றது. காட்சிகளைக் கூட்டாமல் நீளத்தை வெகுவாகக் குறைத்தே வெளியிட்டார்கள். 2025 அக்டோபரில் "பாகுபலி"யின் இரண்டு பாகங்களும் ஒரே படமாக இணைந்து வந்தபோது, இயக்குநர் ராஜமௌலி பல பகுதிகளை விட்டுவிட்டார். ஆக, மறுவெளியீடு என்றாலே காட்சிகள் கூடும் என்று நினைக்க வேண்டியதில்லை. காலம் கடந்து தம் வேலையைத் தாமே பார்க்கும் கலைஞனுக்குக் கூட்டவும் தோன்றும், குறைக்கவும் தோன்றும்.

இதில் வியாபாரமும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய படத்துக்கு மக்கள் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்? "இதுவரை காணாத காட்சி" என்ற விளம்பரம் அவர்களை இழுக்கும். அதனால் தகுதியற்ற துண்டுகளை ஒட்டி வெளியிடுவோரும் இருக்கலாம். பார்க்கிறவர்கள் விழிப்போடு இருக்க வேண்டும்.

நாம் இழந்தவை

தமிழ்ப் படங்களின் நிலை என்ன? பி. ஆர். பந்துலு இயக்கிய "கர்ணன்" 1964 பொங்கலன்று வெளிவந்தது. 2012 மார்ச்சு 16-ஆம் நாள் படமும் ஒலியும் செப்பனிடப்பட்டு மீண்டும் வந்தபோது, சென்னையில் 100 நாள்களுக்கு மேல் ஓடிற்று. தாத்தா பார்த்த படத்தைப் பேரப்பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள். பழைய படத்துக்கும் மதிப்பு உண்டு என்று பலருக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது. ஆனால் பந்துலு 1974-லும், நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 2001-லும் மறைந்துவிட்டார்கள். "ஐயா, இந்த இடத்தில் நீங்கள் நினைத்தது என்ன?" என்று கேட்க ஆளில்லை.

கர்ணனாவது பிழைத்தது. தென்னாட்டின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியாரின் "கீசக வதம்" இன்று ஓர் அடிகூட இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" இல்லை. வெட்டிய காட்சியைத் தேடுவது இருக்கட்டும், படமே இல்லை! காரணம் என்ன? அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. பின்னால் வந்த அசிட்டேட்டுச் சுருள்களோ வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மெல்லச் சிதைந்து காடி நாற்றம் வீசும். நம்மூர்க் கடற்காற்று அவற்றுக்கு எமன். இவை போதாவென்று, ஓடி முடிந்த படங்களின் சுருளை அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. 1964-இல்தான் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ படங்கள் மண்ணாகிவிட்டன.

மூன்று கேள்விகள்

மாணவியரே, இனி ஒரு பழைய படம் "நீக்கிய காட்சிகளுடன்" வருகிறது என்று சுவரொட்டியில் கண்டால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இந்தக் காட்சியை அன்று வெட்டியவர் யார்? படைத்தவரா, வியாபாரியா, தணிக்கையா? இரண்டாவது, இன்று சேர்ப்பவர் யார்? இயக்குநர் தாமா, அவர் பெயரைச் சொல்லிப் பிறரா? மூன்றாவது, இதைச் சேர்த்ததால் கதையின் பொருள் தெளிவாயிற்றா, நீளம் மட்டும் கூடிற்றா? பெற்றோரோடு படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில் இக்கேள்விகளைப் பேசிப் பாருங்கள். பார்த்ததோடு படம் முடிந்துவிடாமல், சிந்தனையாக வளரும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. புதிய வடிவம் வந்துவிட்டது என்று பழையதை அழித்துவிடக் கூடாது. ஐம்பது ஆண்டு மக்கள் கண்ட "ஷோலே"யும் உண்மையான "ஷோலே"தான். போலீசார் வந்து தடுக்கும் அந்த முடிவு, நெருக்கடி நிலைக் காலத்தில் ஒரு கலைஞன் எப்படி வளைந்து கொடுக்க நேர்ந்தது என்பதற்குச் சாட்சி. இரண்டும் இருந்தால்தான் வரலாறு முழுமையாகும்.

இது சினிமாக்காரர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் வீட்டு அலமாரிகளிலும் பழைய போட்டோ நெகடிவ்களும், பாட்டியின் குரல் பதிந்த ஒலிநாடாக்களும், திருமண வீடியோச் சுருள்களும் தூங்கிக் கொண்டிருக்கின்றன. "இது எதற்கு?" என்று குப்பையில் போடுமுன் ஒரு முறை யோசியுங்கள். ஈரம் படாத இடத்தில், பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். இன்று வேண்டாததாகத் தோன்றும் துண்டில்தான் நாளைய தலைமுறை தேடும் முடிவு இருக்கக்கூடும்.